வண்டிக்கு ஏது இடுப்பு

அவருடைய பேரை இதில் எழுதப்போவதில்லை. மறந்துபோகவும் இல்லை, மரியாதைக்காகவும் இல்லை. என் அப்பாவின் பேரை அவர் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். ஊரும் அதையே வைத்துக்கொண்டது. பதிலுக்கு என் கைக்கு எட்டியது அவருடைய பேர் ஒன்றுதான். எங்கள் பக்கம் கடை வைத்திருக்கிற எல்லோரும் அண்ணாச்சி. அவரையும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி, அவருடைய டூவீலர் பட்டறை இருந்தது. வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. வண்டி கொண்டுவருகிறவர்கள் அதில் உட்கார முடியாது. அது வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. ரிட்டையரான ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பிளாட் புரோக்கர், குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்கிற, சீசன் இல்லாத மாதங்களில் வேலை இல்லாத ஒருவர் என்று எப்போதும் மூன்று பேராவது அதில் இருப்பார்கள். வண்டிக்காரர் நிற்கவேண்டும்.

நான் பார்த்த மெக்கானிக்குகளில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். சாயங்காலம் வரைக்கும் அதில் ஒரு கறை விழாது. வேலையைத் தொடங்குமுன் வண்டியின் சீட்டை இரண்டு தட்டுத் தட்டுவார், தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி. வண்டிக்காரர் வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார்.

"நீரு பேசாதேயும். வண்டி பேசும்."

இதுதான் அவர். அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

கெட்டிக்காரர். இதைச் சொல்லாமல் விட எனக்கும் ஆசைதான். ஆனால் கெட்டிக்காரர் என்பதால்தான் இவ்வளவும் நடந்தது. ஒரு சாரல் நாளில் புளியறை வழியாகக் குற்றாலத்துக்கு வந்த மலையாளத்துப் பையன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். பின்னால் ஒரு ஆட்டம் உண்டு சேட்டா என்று ஆரம்பித்தான். "ஆட்டத்த அருவியில போய் ஆடும். வண்டிய இங்கன விடும்" என்றார் இவர். பெஞ்சு சிரித்தது. பிறகு அந்தப் பையனை ரோட்டில் தேங்கிக் கிடந்த தண்ணீர் வழியாக நேராக ஐம்பது அடி ஓட்டச் சொன்னார். அவன் ஓட்டினான். இவர் குனிந்து தாரின் மேல் பதிந்த ஈரத் தடத்தைப் பார்த்தார். முன்சக்கரம் ஒரு கோடு போட்டிருந்தது. பின்சக்கரம் அதிலிருந்து விரற்கடை தள்ளி இன்னொரு கோடு போட்டிருந்தது.

"செயினை டைட் பண்ணினவன் ஒரு பக்கம் கூட இழுத்துட்டான். சக்கரம் கோணி நிக்கு."

இரண்டு பக்கத்து நட்டையும் சமமாக வைத்தார். பத்து நிமிஷ வேலை. பையன் மறுபடி ஓட்டினான். ஒரே கோடு. அவன் கும்பிடாத குறை.

அந்தத் தண்ணீர்த் தடத்தைப் பார்க்கவென்றே நான் பாலிடெக்னிக் விட்டு வரும்போது இறங்கி நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாடத்தில் படித்ததை எல்லாம் இவர் கையால் செய்கிறார் என்று எனக்கு ஒரு பூரிப்பு. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

அவருக்கு இன்னொரு வழக்கம். வண்டி தயாரானதும் உரக்கக் கூப்பிடுவார். கூப்பிடுகிற பேர் ஆளின் பேராக இருக்காது. அவர் கையை மீறி அந்த ஆள் சொல்லிவிட்ட புகார் எதுவோ அதுதான் பேர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் தன் ஸ்கூட்டரைப் பற்றி, "யாரோ பின்னாடியிருந்து பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். பின்பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சரிசெய்துவிட்டு, "பேய், வண்டி ரெடி. வாரும்" என்றார். அந்த அம்மா எழுந்த மாத்திரத்தில் பெஞ்சு உருண்டது. பிறகு ஒரு வருஷத்துக்கு அந்த அம்மா ஊசி போடப் போகிற வார்டு வரைக்கும் பேய் போனது.

ஆனால் ஆலங்குளத்திலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். பெட்ரோல் சரியில்லாததால் பின்சக்கரம் ஆடுகிறது என்று அரைமணி நேரம் விளக்கினார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். "சார் சொல்லுதது கரெக்ட்" என்றார். எஸ்.ஐ. டீ குடிக்கப் போனதும் டயரில் காற்றைப் பிடித்துவிட்டு வண்டியைத் துடைத்து வைத்தார். எஸ்.ஐ.க்குப் பேர் எதுவும் விழவில்லை.

யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பது வண்டியைப் பொறுத்தது இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

என் அப்பா இலஞ்சியில் மாடு வைத்திருந்தார். காலையில் இரண்டு கேன் பாலைப் பழைய மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, குற்றாலத்து டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு ஐந்தருவி ரோடு வரைக்கும் போய்த் திரும்புவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. மாட்டின் கண்ணைப் பார்த்து அதற்கு வயிற்றில் என்ன என்று சொல்லத் தெரியும். ஒரு நாள் வண்டியை அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். நான் காலேஜ் பையோடு பின்னால் உட்கார்ந்து போனேன்.

அண்ணாச்சி சீட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா அந்தக் கையைக் கவனிக்கவில்லை, பேசிவிட்டார்.

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வண்டிக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

சேற்றில் வழுக்கி இடுப்பு இறங்கிய பசு நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் அதன் பின்பக்கம் கொஞ்சம் பிந்தி வரும். அப்பா மனதில் இருந்தது அந்தப் பசு.

"நேரா போகையில ஒண்ணும் தெரியல. வளைவுல முன்னாடி திரும்பிருது, பின்னாடி யோசிச்சிட்டுத்தான் வருது. ஆக்ஸிலேட்டர விட்டா ஒரு வெட்டு வெட்டுது. காலி கேனோட வரும்போதும் அப்படித்தான்."

இப்போது நான் ஒரு மெக்கானிக்காகச் சொல்கிறேன். இதைவிடத் தெளிவாக அந்தக் கோளாறை யாரும் சொல்ல முடியாது. வளைவில் மட்டும், ஆக்ஸிலேட்டரை விடும்போது, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்பா நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணாச்சி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்.

"வண்டிக்கு ஏது இடுப்பு? உமக்கு இருக்கா, அத முதல்ல பாரும்."

கண்டக்டர் சொன்னார்: "தலையில கரகத்தத் தூக்கி வையும் அண்ணாச்சி. வண்டி நல்லா ஆடும்."

பெஞ்சு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்விங் ஆர்ம் என்கிற சொல் என் பைக்குள் புத்தகத்தில் இருந்தது. என்ஜின் சட்டத்திலிருந்து பின்னால் நீண்டு பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கைகள். அவை சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஒரு போல்ட், அதைச் சுற்றி புஷ். படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவன் நான். அந்த இடத்தைத்தான் அப்பா சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், இத்தனை பேர் முன்னால் இவர் ஏன் இப்படி மாட்டுப் பாஷை பேசுகிறார் என்பதுதான்.

அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றினார். வண்டியை அதன் வழியே நேராக ஓட்டிவிட்டு இறங்கிவந்து தடத்தைக் காட்டினார். ஒரே கோடு.

"பாத்தீரா? வண்டி பொய் சொல்லாது. கேன்ல பால் தளும்புது, அதான் உம்ம ஆட்டுது. முக்கால் கேனா ஊத்தாதேயும். கழுத்து வரைக்கும் ஊத்தும்."

"காலி கேன்லயும் ஆடுதே அண்ணாச்சி."

அவர் கையை உயர்த்தினார். செயினை எண்ணெய் விட்டுத் துடைத்தார். காற்றுப் பார்த்தார். பிறகு, அப்பா நாலடி தூரத்தில்தான் நிற்கிறார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"இடுப்பு, வண்டி ரெடி. வாரும்."

தண்ணீர்த் தடம் நேர் ரோட்டில்தான் பேசும். வளைவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அவருக்கு இது தெரியாமல் இல்லை. மலையாளத்துப் பையனோ எஸ்.ஐ.யோ "வளைவில்" என்று சொல்லியிருந்தால் ஐந்தருவி வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்திருப்பார். சொன்னது பால்காரர். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அண்ணாச்சி காதுக்குள் போகவில்லை. இடுப்பு மட்டும் போனது.

அந்தப் பேர் எங்களுக்கு முன்னால் குற்றாலம் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே டீக்கடைகளில், "ஏ இடுப்பு, இன்னைக்கு ரெண்டு லிட்டர் கூட ஊத்தும்" என்றார்கள். ஒரு வாரத்தில் அது இடுப்புப் பால் ஆனது. என் வகுப்பில் ஒருவன் என்னை இடுப்பு மவனே என்றான். அவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து எடுத்தேன். அதனால் பேர் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்ததுதான் மிச்சம்.

பேரைக்கூடப் பொறுத்திருப்பேன். அப்பா தன்னை நம்புவதை விட்டுவிட்டார், அதைத்தான் பொறுக்கமுடியவில்லை. கேனைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார். வண்டி ஆடினால் பாலைக் குறை சொன்னார், ரோட்டைக் குறை சொன்னார், கடைசியில் தன் கையைக் குறை சொன்னார். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலபோல" என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். இருபது வருஷமாக அதே ரோட்டில் ஓட்டுகிற மனிதர்.

ஆறு வாரம் கழித்து, சாரலில் நனைந்திருந்த ஒரு காலையில், ஐந்தருவி ரோட்டு வளைவில் முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு ஓரமாகப் பால் ஓடி ஓடையில் கலந்துகொண்டிருந்தது. இரண்டு குரங்குகள் அதை நக்கிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு இடது முழங்கால் போயிருந்தது.

கம்பி வைத்துக் கட்டினார்கள். நடந்தார். ஆனால் இடது பக்கம் சாய்ந்து, இடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றித்தான் நடக்க முடிந்தது. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அந்த நடையைப் பார்த்துத்தான் அவருக்கு இடுப்பு என்று பேர் வந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பேர் முதலில் வந்தது. நடை பிறகு வந்தது. இதைக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை ஆரஞ்சு. கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பால கழுத்து வரைக்கும் ஊத்தும்னு அன்னைக்கே சொன்னேம்லா?"

"ஊத்துனேன் அண்ணாச்சி" என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அண்ணாச்சி போன பிறகு அந்த ஆரஞ்சை நான் எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மாட்டுக்குப் போட்டேன்.

வண்டி வீட்டு வாசலில் கிடந்தது. சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினேன். பின்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன். பிறகு முன்னும் பின்னுமாகப் பிடித்து அசைத்தேன். சக்கரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் தனியாக ஆடவில்லை. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின. அம்மாவைக் கூப்பிட்டு, கைகள் சட்டத்தோடு சேருகிற இடுக்கில் விரலை வைக்கச் சொன்னேன். பக்கவாட்டில் தள்ளினேன்.

"நுள்ளுது எய்யா" என்று விரலை எடுத்துக்கொண்டாள் அம்மா. "உள்ள என்னமோ நகந்து வந்து விரல நுள்ளுது."

அவ்வளவுதான் பரிசோதனை. கருவி எதுவும் வேண்டாம். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும். போல்ட்டைக் கழற்ற எனக்கு ஒரு பகல் ஆனது. தினமும் பால் சிந்தி, தினமும் கழுவி, கிரீஸ் எல்லாம் போய் உள்ளே துரு பிடித்திருந்தது. வெளியே வந்த புஷ், மோதிரம் மாதிரி இருக்கவேண்டியது, ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. அது இருந்த இடத்தை எழுந்து நின்று தள்ளிப்போய்ப் பார்த்தேன். முன்சக்கரம் கால், பின்சக்கரம் கால் என்று வைத்தால், அந்த இடம் இடுப்புதான். அதற்கு வேறு பேர் கிடையாது.

புஷ்ஷைத் தைல டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெஞ்சு நிறைந்திருந்தது. அதற்காகத்தான் அந்த நேரத்துக்குப் போனேன்.

"இதுதான் இடுப்பு" என்று அவர் கையில் வைத்தேன்.

அவர் அதற்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். தேய்ந்த இடத்தில் விரல் நின்றது. ஒரு கணம்தான். அவர் விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விழுந்த அடியில போயிருக்கும்" என்றார்.

"ஒருக்கா விழுந்தா புஷ் இப்படித் தேயுமா அண்ணாச்சி?"

"பாலிடெக்னிக்லயாடே படிக்க? இத பரீட்சையில எழுது. மார்க்கு போடுவான்."

பெஞ்சு சிரித்தது. அவர் புஷ்ஷைப் பட்டறை மேசைமேல் என் பக்கம் உருட்டிவிட்டார். அது மேசையிலிருந்து விழுந்து ஓடியது. கண்டக்டரின் காலடியில் குனிந்து நான்தான் அதை எடுத்தேன்.

அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'கவனிக்கல' என்று ஒரு சொல். எங்கள் வீட்டில் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்டிருக்கமாட்டோம்.

படிப்பு முடித்து, திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு அதே குற்றாலம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். இடம் பார்த்துத்தான் போட்டேன். அவர் பட்டறைக்கு இருநூறு அடி முன்னால், தென்காசிப் பக்கம். டவுனிலிருந்து வருகிறவன் என்னைத் தாண்டாமல் அவரிடம் போகமுடியாது.

வாசலில் வண்டிக்காரர்களுக்கு நாற்காலி போட்டேன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு எதுவும் போடவில்லை. வண்டி வந்ததும் ஒரு அட்டை எடுப்பேன். அதில் பேர், வண்டி நம்பர், அதற்குக் கீழே 'என்ன செய்யுது' என்று ஒரு கட்டம். வண்டிக்காரர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே அந்தக் கட்டத்தில் எழுதுவேன். 'சேத்துல ஓட்டுத மாதிரி இருக்கு.' 'பின்சக்கரம் கோவிச்சுக்கிட்டு வருது.' ராயகிரியிலிருந்து வந்த ஒரு விவசாயி, 'கட்டிலு கால் ஆடுத மாதிரி' என்றார். எழுதினேன். ஸ்போக் கம்பிகள் தளர்ந்திருந்தன. வண்டி தயாரானதும் அட்டையில் உள்ள பேரை உரக்க வாசித்துக் கூப்பிடுவேன்.

நல்ல பையன், பொறுமையாகக் கேட்கிறான் என்றார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொருவர் பேசும்போதும், இருநூறு அடி தள்ளி நின்றுகொண்டிருக்கிற ஒரு வெள்ளைச் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டு கேட்டேன். அந்த நர்ஸ் வந்தார். "வேலை அவருகிட்டயும் நல்லாத்தான் தம்பி இருந்துச்சு. கூப்பிடுத பேருதான் ஆகல" என்றார். அந்த அம்மாவின் சொந்தப் பேரை மூன்று வீடு கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். பிளாட் புரோக்கர் வந்தார். எண்ணெய் மசாஜ்காரர் வந்தார். ஒவ்வொரு ஆள் வரும்போதும் அங்கே பெஞ்சில் ஒரு இடம் காலியாவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷத்தில் பெஞ்சு வெறும் பெஞ்சானது. பிறகு அவருக்கு வலதுகை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பட்டறையை மூடினார். கை நடுக்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருந்தால் தேவலையே என்று நினைத்திருக்கிறேன்.

போன ஆடியில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், அவர் வந்தார்.

தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதே வெள்ளைச் சட்டை. அதன் பையில் கிரீஸ் பட்டிருந்தது. கடையில் வண்டிக்காகக் காத்திருந்த நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பழைய கண்டக்டர். அப்பாவும் இருந்தார். பால் வியாபாரத்தை விட்டபிறகு காலையில் வந்து ரோட்டைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

நாற்காலியைக் காட்டவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன். அட்டையை எடுத்தேன்.

"சொல்லும் அண்ணாச்சி."

"ஸ்விங் ஆர்ம் புஷ் போயிட்டு. போல்ட்ட கழட்டணும். எனக்குக் கை நிக்க மாட்டேங்கு. ரெண்டு கடையில காட்டிட்டேன். பேரிங்க மாத்திட்டு, வயசாயிட்டுல்லா தாத்தா, மெதுவா ஓட்டுங்கன்னு சொல்லுதானுவ. பேசவே விடல."

பேசவே விடல. அந்த இரண்டு சொல்லைக் கேட்க நான் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன்.

அவர் வந்த தடம் ஈர ரோட்டில் இன்னும் இருந்தது. வெளியே இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தேன்.

"ஒரே கோடாத்தான இருக்கு. வண்டி பொய் சொல்லுமா?"

அவர் முகம் மாறியது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது அவருக்கு.

"நேர்ல தெரியாதுடே" என்றார். "வளைவுல தெரியும்."

"வளைவுல என்ன செய்யுது?"

"புஷ்ஷுன்னு சொன்னேம்லா."

"அது உம்ம பாஷை. இந்தக் கட்டத்துல வண்டி என்ன செய்யுதுன்னு எழுதணும். எல்லாருக்கும் அப்படித்தான்."

கண்டக்டர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். நாற்பது வருஷம் அடுத்தவன் வாயை மூடவைத்த மனிதருக்குச் சொல் வரவில்லை. சாரல் அவர் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். வேண்டுமானால் சாயங்காலம் வரைக்கும் நின்றிருப்பேன்.

"இடுப்பு ஆடுது" என்றார்.

"கேக்கல அண்ணாச்சி."

"இடுப்பு ஆடுதுடே."

கட்டத்தில் எழுதிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் மறுபடி செல்போனுக்குள் போய்விட்டார். அப்பா மட்டும் நாற்காலியிலிருந்து திரும்பினார்.

"காலி வண்டியிலயும் ஆடுதா அண்ணாச்சி?" என்று கேட்டார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணாச்சி அவரைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"அப்ப இடுப்பேதான்" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "ஏன்யா மழையில நிக்க வச்சிருக்க? சேர எடுத்துப் போடு."

போட்டேன். அப்பா சொன்னதால் போட்டேன். ஆனால் அதற்குமுன், அட்டையில் பேர் என்ற இடத்தில் நாலு எழுத்து எழுதினேன். 'இடுப்பு' என்று எழுதினேன். எழுதி, அவர் கையெழுத்துப் போடுவதற்காக நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே. கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்து நல்லாருக்குடே" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. போல்ட்டைத் தட்டி எடுத்தேன். புது புஷ் போட்டேன். கிரீஸ் அடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அவர் குறை கண்டுபிடிக்க ஒரு இடம்கூட விடக்கூடாது. அப்பா எழுந்து சாய்ந்து சாய்ந்து வந்து, ஹேண்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"அவரு பேரு பெரிய பேருல்லா. இம்புட்டுத்தான் எழுதியிருக்க?"

"சுருக்கி எழுதியிருக்கேம்ப்பா."

"ஓ" என்றுவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். எங்களுக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்த்தபடி.

வண்டியை இறக்கினேன். அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இனி பேரை வாசிக்கவேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. எத்தனையோ நாள் தனியாக இருக்கும்போது கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். குரல் எப்படி எழும்பவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியும். அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஊசிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி என்னையே பார்த்தார்.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் அப்பாவின் பிடரி கண்ணில் பட்டது. அந்தப் பேரைச் சொல்லி எங்கே யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பழகிய தலை அது. நான் கூப்பிட்டால் முதலில் எழுந்திருப்பவர் அண்ணாச்சி இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டுபோய் அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

"நீ கூப்பிடுவேன்னு பாத்தேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ரோடு திரும்புகிற இடத்தில் ஈரத் தடத்தைப் பார்த்தேன். பின்சக்கரம் முன்சக்கரத்தோடு ஒட்டியே திரும்பியிருந்தது.

அந்த அட்டை இப்போதும், அப்பா வண்டியின் புஷ் கிடக்கிற தைல டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேர் என்ற இடத்தில் எழுதியதை அன்றைக்கே அடித்துவிட்டேன். அவருடைய பேரை எழுதவில்லை. அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது.